ஐந்து டாலர் தங்கத்தில் ஹேரியட் டப்மன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்க அரசின் நாணயச் சாலை 2024-ஆம் ஆண்டில், அடிமைத்தளையிலிருந்து தப்பிப் பலரையும் மீட்ட கறுப்பினப் பெண் ஹேரியட் டப்மன் நினைவாக வெளியிட்ட தங்க நாணயத்தைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதைப் படித்து வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை தருகிறேன்.

கேள்வி: அமெரிக்காவில் பணிபுரியும் என் மகள், நீங்கள் எழுதியிருந்த அதே நாணயத்தை எங்கள் அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசாக வாங்கி வைத்திருக்கிறாள். அதில் ‘5 டாலர்’ என்று பொறித்திருக்கிறது. அவள் கொடுத்த விலையோ ஒரு பவுன் காசின் விலையைவிடக் கணிசமாகக் கூடுதல். எங்கள் ஊர் நகைக்கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, தங்கத்தின் விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது என்கிறார். மகள் ஏமாந்துவிட்டாளா? — ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருநெல்வேலி

பதில்: ஏமாறவில்லை, ஐயா. நகைக்கடைக்காரர் சொன்னதும் அவருடைய தராசின்படி சரியே. அந்தத் தராசில் ஏறாத ஒன்றுக்கும் சேர்த்துத் தங்கள் மகள் பணம் கொடுத்திருக்கிறார் என்பதுதான் விஷயம்.

முதலில் எடையைப் பார்ப்போம். அந்த நாணயத்தின் எடை 8.359 கிராம், அதில் 90 விழுக்காடு தங்கம். நம் கடைகளில் விற்கும் 916 முத்திரையிட்ட 8 கிராம் காசில் ஏறத்தாழ 7.33 கிராம் சுத்தத் தங்கம் இருக்கும். டப்மன் நாணயத்தில் இருப்பது ஏறத்தாழ 7.52 கிராம். காரட்டில் நம் காசைவிடச் சற்றுக் குறைவு, எடையில் சற்றுக் கூடுதல், தங்கத்தின் அளவிலும் ஒரு பவுன் காசைவிடச் சிறிது கூடுதல். அதில் பொறித்துள்ள ஐந்து டாலர் என்பது சட்டப்படியான முகமதிப்பு மட்டுமே. அது சட்டப்படி செல்லும் பணம் என்பதற்கு அடையாளமாக அந்த எண் நிற்கிறது; அதைக் கொடுத்து ஐந்து டாலருக்குச் சாமான் வாங்க யாரும் போவதில்லை.

விலையில் அடுத்த பங்கு, நாணயத்தை வடிவமைத்து, அச்சு செதுக்கி, அடித்து, பெட்டியில் வைத்து அனுப்புவதற்கான செலவு. இதை நம் செய்கூலிக்கு ஒப்பிடலாம். மூன்றாவதாக ஒரு பங்கு இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றம் 2022-இல் இயற்றிய சட்டம், ஒவ்வொரு தங்க நாணயத்தின் விலையிலும் 35 டாலரும், வெள்ளி டாலரின் விலையிலும் 10 டாலரும், அரை டாலர் நாணயத்தின் விலையிலும் 5 டாலரும் கூடுதல் கட்டணமாகச் சேர்க்க வேண்டும் என்று விதித்தது. அந்தப் பணம் இரண்டு அமைப்புகளுக்குச் சரிபாதியாகப் போகும். ஒன்று ஒகையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் உள்ள தேசிய அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோடு விடுதலை மையம் (அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோடு என்பது அடிமைகள் தப்பிச் செல்ல உதவிய இரகசிய வலையமைப்பின் பெயர்). மற்றொன்று நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் ஊரில் உள்ள ஹேரியட் டப்மன் இல்லம்.

என்னைப் பொறுத்தவரை இந்த மூன்றாவது பங்குதான் நாணயத்தின் உயிர். ஆதரவற்ற கறுப்பின முதியோரைப் பேணுவதற்கென்று டப்மன் தம் முதுமையில் ஆபர்னில் நிலம் வாங்கினார். அதைப் பராமரிக்கத் தம் கையில் பணமின்றி 1903-இல் ஒரு திருச்சபையிடம் ஒப்படைத்தார். 1908-இல் திறக்கப்பட்ட அந்த முதியோர் இல்லத்தில் தாமே கடைசி நாட்களைக் கழித்து 1913 மார்ச் 10 அன்று மறைந்தார். அவர் பணமில்லாமல் தவித்த அதே மண்ணுக்கு, பின்னாளில் அவர் முகம் பொறித்த நாணயத்தின் வழியாகப் பணம் போக வழி பிறந்தது. கோயில் உண்டியலில் போட்ட காணிக்கையை யாரும் திரும்பக் கேட்பதில்லை. தங்கள் மகள் செலுத்திய 35 டாலரையும் அப்படித்தான் கருத வேண்டும்.

இந்தக் கூடுதல் கட்டணம் தானாகவே அமைப்புகளின் கைக்குப் போய்விடுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாணயச் சாலை முதலில் தன் செலவு முழுவதையும் மீட்டுக்கொள்ள வேண்டும். பணம் பெறும் அமைப்பும் அதற்கு ஈடான தொகையைத் தனியார் நன்கொடையாகத் திரட்டிக் காட்ட வேண்டும். சட்டம் அனுமதித்த உச்ச அளவு தங்கத்தில் 50,000, வெள்ளியில் 4,00,000, அரை டாலரில் 7,50,000. அத்தனையும் விற்றால் 95 லட்சம் டாலர் சேரும் என்பது கணக்கு. நினைவு நாணயங்கள் உச்ச அளவை எட்டுவது அரிது என்பதால், அந்த எண்ணை ஒரு மேல்வரம்பாக மட்டும் பார்ப்பது நல்லது.

ஒரு நடைமுறைக் குறிப்பும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வருவோர் வரியின்றிக் கொண்டுவரலாம் என்று சுங்கத்துறை அனுமதிக்கும் தங்கம் நகைக்கு மட்டுமே பொருந்தும். நாணயம் நகையாகாது. மகள் அதைக் கொண்டுவரும்போது விமான நிலையத்தில் அறிவித்து, உரிய தீர்வையைச் செலுத்தி, ரசீதை நாணயத்தோடு சேர்த்து வைக்கட்டும்.

கேள்வி: ஹேரியட் டப்மன் அடிமையாகப் பிறந்தவர், பணத்துக்கு விற்கவும் வாங்கவும்பட்ட மக்களில் ஒருவர். அவர் முகத்தையே பணத்தில் பொறிப்பது மரியாதையா, அவமதிப்பா? வகுப்பில் நாங்கள் இதை விவாதித்தோம், முடிவுக்கு வர முடியவில்லை. — முதுகலை வரலாறு மாணவி, மதுரை

பதில்: அமெரிக்காவிலேயே கறுப்பின எழுத்தாளர்களும் அறிஞர்களும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஆகவே உங்கள் வகுப்பு முடிவுக்கு வராததில் வியப்பில்லை. என் கருத்தைச் சொல்லுமுன் சில செய்திகளை முன்வைக்கிறேன்.

மேரிலாந்து மாநிலத்தின் டார்செஸ்டர் வட்டாரத்தில் 1822 வாக்கில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் அரமின்டா ராஸ். வீட்டில் மின்ட்டி என்பார்கள். சிறுமியாக இருந்தபோது ஒரு கங்காணி வேறொருவர் மேல் வீசிய இரண்டு பவுண்டு எடைக்கல் இவர் தலையில் பட்டு மண்டையை உடைத்தது. அதன் விளைவாகத் திடீரென்று தூக்கத்தில் ஆழ்ந்துபோகும் நோய் அவரை ஆயுள் முழுவதும் விடவில்லை. 1849-இல் அவர் சகோதரர்கள் இருவருடன் முதன்முறை தப்பியபோது உரிமையாளர் கொடுத்த விளம்பரம் இன்றும் கிடைக்கிறது. மாநிலத்துக்கு வெளியே பிடித்தால் ஆளுக்கு 100 டாலர், உள்ளேயே பிடித்தால் 50 டாலர் என்பது அதில் கண்ட வெகுமதி. சகோதரர்கள் அஞ்சித் திரும்பிவிட, அவர் பின்னர் தனியாகவே துருவ நட்சத்திரத்தைப் பார்த்து வடக்கே நடந்து, அடிமைமுறை இல்லாத பென்சில்வேனியா மாநிலத்தை அடைந்தார். அடைந்தவர் அங்கேயே இருந்துவிடவில்லை. அடுத்த பத்து ஆண்டுகளில் சுமார் 13 முறை திரும்பிச் சென்று, ஏறத்தாழ 70 பேரை மீட்டு வந்தார். முந்நூறு பேர் என்று பழைய நூல்கள் சொல்வது மிகை என்றும், எழுபது என்பதே சான்றுகளுக்கு ஒத்தது என்றும் இக்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எழுபது என்பதே ஒருவர் தலைக்குமேல் தூக்க முடியாத சுமை.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் அவர், அடிமைமுறையைக் காக்க முயன்ற தென்மாநிலங்களை எதிர்த்த வடவர் படைக்குச் செவிலியாகவும் ஒற்றராகவும் பணியாற்றினார். 1863 ஜூன் 2 அன்று தென் கரோலினாவின் கம்பாகி ஆற்றில் நடந்த படையெடுப்பில் அவர் வழிகாட்ட, ஒரே இரவில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். இதற்கு அரசு என்ன கொடுத்தது என்று கேட்டால் மனம் கனக்கிறது. ஒற்றுப் பணிக்காக அவர் கோரிய 1,800 டாலர் கிடைக்கவில்லை. போர் முடிந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்து, 1899-இல்தான், படைவீரரின் விதவை என்ற முறையில் வந்துகொண்டிருந்த மாதம் 8 டாலரோடு செவிலிப் பணிக்காக 12 டாலர் சேர்த்து 20 டாலராக்கினார்கள். 2016-இல் அமெரிக்க நிதித்துறை அவர் உருவத்தை அச்சிடுவதாக அறிவித்த நோட்டும் 20 டாலர் நோட்டுதான். அந்த அறிவிப்பு இன்னும் நிறைவேறவில்லை.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு நான் நினைப்பது இதுதான். ஒரு காலத்தில் அவருக்கு விலை குறித்தவர்கள் அவரைக் கேட்டுக் குறிக்கவில்லை. நாணயத்தில் முகம் பொறிப்பது அதற்கு நேர்மாறான செயல். அரசர்களுக்கும் குடியரசுத் தலைவர்களுக்கும் உரியதாக இருந்த இடத்தை, ஓர் அரசு தன் சட்டத்தின் மூலம், தான் கைவிட்ட ஒரு பெண்ணுக்குத் தருகிறது. அதை அவமதிப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் டப்மன் இல்லத்துக்கும் விடுதலை மையத்துக்கும் போகும் அந்தக் கூடுதல் கட்டணம் மட்டும் இல்லாதிருந்தால் உங்கள் வகுப்பில் மறுத்துப் பேசியவர்கள் பக்கமே நானும் நின்றிருப்பேன். சேகரிப்போர் அலமாரிக்கு ஓர் அழகுப்பொருளைக் கூட்டுவதற்காக மட்டும் அவர் முகம் பயன்படுமானால், அது மீண்டும் ஒரு விற்பனையாகவே முடியும்.

வடிவமைப்பையும் பாருங்கள், அதில் சிந்தித்துச் செய்த வேலை இருக்கிறது. மூன்று நாணயங்களும் அவர் வாழ்வின் மூன்று கட்டங்களைக் காட்டுகின்றன. வெள்ளி டாலர் தப்பியோடிய காலம்: கோத்த இரு கைகளே பாலமாக, அதன்மேல் நிழலுருவாய் மனிதர்கள் நடக்க, மேலே சப்தரிஷி மண்டலம் துருவ நட்சத்திரத்தைச் சுட்டுகிறது. அரை டாலர் போர்க்காலம்: கூடாரங்களின் முன்னே கையில் தொலைநோக்கியுடன் நிற்கிறார். தங்க நாணயம் போருக்குப் பிந்தைய காலம். முன்பக்கத்தில் தொலைவை நோக்கும் அவர் முகம். பின்பக்கத்தில் இணைந்த கைகளைச் சுற்றி நம்பிக்கை, விடுதலை, குடும்பம், சமூகம், சுயநிர்ணயம், சமூக நீதி, சமத்துவம் என்னும் சொற்கள். பெண்களின் வாக்குரிமைக் கூட்டங்களில் பேசியபடி அவர் முதுமை அடைந்த அந்தக் கட்டத்தைத் தங்கத்துக்கென ஒதுக்கியது எனக்கு நிறைவாக இருக்கிறது. பலரும் அவரைத் தப்பியோடிய இரவுகளோடு நிறுத்திவிடுகிறார்கள்.

கேள்வி: மார்ட்டின் லூதர் கிங் உருவம் பொறித்த ‘24 காரட் தங்க நினைவு நாணயம்’ என்று கைப்பேசியில் விளம்பரம் வருகிறது. விலை மூவாயிரம் ரூபாய்க்கும் குறைவு. வாங்கலாமா? — இல்லத்தரசி, தஞ்சாவூர்

பதில்: வாங்காதீர்கள், அம்மா. இந்த விலைக்கு ஒரு நாணய அளவிலான தங்கம் உலகில் எங்கும் கிடைக்காது. பித்தளை அல்லது செம்பு வில்லையின் மேல் மெல்லிய தங்க முலாம் பூசிவிட்டு, முலாமின் தரத்தை மட்டும் ‘24 காரட்’ என்று எழுதுகிறார்கள். எந்த நாட்டு அரசு வெளியிட்டது, முகமதிப்பு எவ்வளவு, எடையும் தங்க விழுக்காடும் எவ்வளவு என்ற மூன்றும் விளம்பரத்தில் தெளிவாக இல்லையென்றால் அது நாணயமே அன்று.

அமெரிக்க அரசு கிங்குக்கு அளித்தது பதக்கம். நாடாளுமன்றத் தங்கப் பதக்கம் என்பது ஒருவருக்காகத் தங்கத்தில் ஒன்றே ஒன்று செய்யப்படுவது. அதற்கு முகமதிப்பு கிடையாது. அதன் வெண்கல நகல்களை மட்டும் நாணயச் சாலை எல்லாருக்கும் விற்கும். பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் 1999-இல் இப்பதக்கத்தைப் பெற்றார். கிங்குக்கும் அவர் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங்குக்கும் 2004-இல் சட்டம் இயற்றி, 2014-இல் அது ஒப்படைக்கப்பட்டது. அதே 2014-இல் நிறப் பாகுபாட்டைத் தடை செய்த 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தின் ஐம்பதாம் ஆண்டையொட்டி ஒரு வெள்ளி டாலரும் வெளியானது.

தங்கத்தின் பெயரால் ஏமாற்றுவது பழைய தொழில். டப்மனே அதில் சிக்கியிருக்கிறார். 1873-இல் இருவர் ஆபர்னுக்கு வந்து, போர்க்காலத்தில் தென் கரோலினாவிலிருந்து கடத்தி வந்த தங்க நாணயங்கள் தங்களிடம் ஏறத்தாழ 5,000 டாலர் மதிப்புக்கு இருப்பதாகவும், 2,000 டாலரைக் காகித நோட்டுகளாகக் கொடுத்தால் தந்துவிடுவதாகவும் சொன்னார்கள். தென்னாட்டுப் பண்ணையார்கள் போரின்போது செல்வத்தைப் புதைத்ததை அறிந்திருந்த அவர் நம்பினார். கடன் வாங்கிய பணத்துடன் இரவில் காட்டுக்குள் சென்றார். மயக்கமருந்து கொடுத்து, கட்டிப்போட்டு, பணத்தைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவ்வளவு ஒற்றறிந்த ஒருவரே ஏமாந்தார் என்றால், ஒரு விளம்பரத்தைப் பார்த்து ஒரு கணம் நீங்கள் தயங்கியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: இத்தகைய நாணயங்களை முதலீடாக வாங்கலாமா? ஜாக்கி ராபின்சன் தங்க நாணயம் பல மடங்கு விலையேறியது என்று கேள்விப்பட்டேன். — நூற்பாலை மேலாளர், கோயம்புத்தூர்

பதில்: கேள்விப்பட்டது உண்மை, ஆனால் அது எப்படி நேர்ந்தது என்பதை அறிந்தால் முதலீட்டு ஆசை தணியும். ராபின்சன் 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கி, அமெரிக்கப் பேஸ்பால் முதன்மைப் போட்டிகளில் கறுப்பினத்தவரை ஆடவிடாத நிறத்தடையை உடைத்தவர். ஆட்டத்தை விட்ட பிறகு குடிமை உரிமைப் போராட்டத்தில் வெளிப்படையாக நின்றவர். ஐம்பதாம் ஆண்டான 1997-இல் வெளியான ஐந்து டாலர் தங்க நாணயம், மட்டையுடன் நிற்கும் வீரரை விட்டுவிட்டு, அந்தப் பிற்காலப் போராளியின் முகத்தைக் காட்டுகிறது. ஒரு லட்சம் அடிக்கச் சட்டம் அனுமதித்தும், கண்ணாடிபோல் மெருகிட்ட புரூஃப் வகையில் 24,072-ம், சாதாரண வகையில் 5,174-ம் மட்டுமே விற்றன. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அட்லாண்டா ஒலிம்பிக் நாணயங்களை அளவின்றி வெளியிட்டுச் சேகரிப்போரைச் சலிக்க வைத்திருந்தார்கள். அந்தத் திகட்டலின் பலனைச் சுமந்தது ராபின்சன் நாணயம். ஆண்டுக்கு இரண்டு நினைவு வெளியீடுகளே என்ற வரம்பு பிறகுதான் நடைமுறைக்கு வந்தது.

அதாவது, அன்று போதுமான பேர் வாங்காததால்தான் அந்த 5,174 இன்று அரிதாகியுள்ளது. விற்காமல் போன ஒவ்வொரு நாணயமும் அவர் பெயரால் மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கும் அறக்கட்டளைக்குக் கிடைக்காமல் போன தொகை. இதை லாபமாக எண்ண எனக்கு மனம் வரவில்லை. 1946 முதல் 1951 வரை வெளியான, கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் நினைவு அரை டாலரின் கதை இன்னும் வருத்தமானது. கறுப்பினத்தவர் ஒருவரின் உருவம் அமெரிக்க நாணயத்தில் ஏறியது அதுவே முதல் முறை. ஐசக் ஹாத்தவே என்னும் கறுப்பினச் சிற்பியே அதை வடித்தார். ஆனால் விற்காமல் தேங்கியவை உருக்கப்பட்டன. தங்கத்தில் முதலீடு வேண்டுமென்றால் தங்கமாகவே வாங்குங்கள். நினைவு நாணயத்தை அந்த மனிதருக்காக வாங்குங்கள்.

கேள்வி: நம் நாட்டில் அம்பேத்கருக்கோ காந்திக்கோ இப்படித் தங்க நாணயம் உண்டா? — தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர், மயிலாடுதுறை

பதில்: அம்பேத்கருக்கு 1990-இல் நூற்றாண்டையொட்டி ஒரு ரூபாய் நாணயமும், 2015 டிசம்பரில் 125-ஆம் பிறந்த ஆண்டையொட்டி 125 ரூபாய், 10 ரூபாய் நாணயங்களும் வெளியாயின; எதுவும் தங்கமன்று. காந்தியின் உருவம் தங்கத்தில் இருக்கிறது. 2015 நவம்பரில் தொடங்கப்பட்ட இந்தியத் தங்கக் காசின் ஒரு பக்கம் அசோகச் சக்கரம், மறுபக்கம் காந்தி. ஆனால் அதற்கு முகமதிப்பு இல்லை என்பதால் அதைத் தங்க வில்லை என்பதே பொருந்தும். முகமதிப்புள்ள முறையான தங்க நாணயத்தைப் பிரிட்டன் வெளியிட்டது. 2021 தீபாவளியன்று, தாமரையுடன் ‘என் வாழ்வே என் செய்தி’ என்னும் அவர் வாசகம் பொறித்த, ஐந்து பவுண்டு முகமதிப்புள்ள நாணயத்தைத் தங்கத்திலும் வெள்ளியிலும் கொண்டுவந்தார்கள்.

தங்கள் மாவட்டத்தைப் பார்த்ததும் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் ஒப்பந்தம் முடிந்த இந்தியக் கூலிகள் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி கட்ட வேண்டும் என்ற சட்டம் 1895-இல் வந்தது. அவர்களுள் பெருந்தொகையினர் தமிழர். அப்போது பவுன் என்றால் ஒரு தங்க நாணயம். நாம் இன்று எட்டு கிராமைப் பவுன் என்றும் சவரன் என்றும் சொல்வது அந்த நாணயத்திலிருந்து வந்த வழக்கே. ஒப்பந்தக் கூலிக்கு முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங் சம்பளம், 20 ஷில்லிங் ஒரு பவுன். அந்தக் கணக்கில் வரி மட்டுமே ஆறு மாதக் கூலி. இந்த வரியை எதிர்த்தும் இந்தியர் திருமணங்கள் செல்லாது என்ற தீர்ப்பை எதிர்த்தும் 1913-இல் எழுந்த போராட்டத்தில் சிறை சென்று, காய்ச்சலோடு விடுதலையாகி, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தவர், தங்கள் மாவட்டத்துத் தில்லையாடியை வேராகக் கொண்ட தில்லையாடி வள்ளியம்மை. அதே ஆண்டில் வரி நீங்கியது. 2008-இல் அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டோம். அவர் முகத்துடன் ஒரு நாணயம் வர வேண்டும் என்பதும், அதன் விலையில் ஒரு பங்கு தில்லையாடியைச் சுற்றியுள்ள பெண் குழந்தைகளின் படிப்புக்குப் போக வேண்டும் என்பதும் என் விருப்பம். தங்கள் பள்ளிப் பிள்ளைகள் இதைக் கோரி நிதி அமைச்சகத்துக்கு ஒரு கடிதம் எழுதினால், அதன் கீழே கையெழுத்திட நானும் வருகிறேன்.

கேள்வி: பழைய நினைவு நாணயங்களைப் புளி போட்டுத் துலக்கலாமா? — வாசகர், காரைக்குடி

பதில்: கூடவே கூடாது. புளியின் அமிலம் மேற்பரப்பை அரிக்கும்; திருநீறும் பற்பசையும் நுண்ணிய கீறல்களை உண்டாக்கும். அப்படிக் கெட்ட நாணயத்தைச் சேகரிப்போர் ஒதுக்கிவிடுவார்கள். விளிம்பை மட்டும் பிடித்து எடுங்கள். வந்த உறையிலேயே, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.